பொறி கெடவில்லை, கோப்புக் கெட்டது

(செவிலிமேட்டில் நெசவாளர் குடும்பத்து இளைஞர்க்கென நடந்த கணிப்பொறிப் பயிற்சி வகுப்பின் தொடக்கத்தில் நிகழ்த்திய உரை. பேசியவாறே இங்கு வெளியிடப்பெறுகின்றது.)

     

இம்மேடையில் வழக்கமாகப் பேசப்பெறுவன எவை என்பதை நான் அறிவேன். இந்தித் திணிப்பு, கோயிலில் தமிழ், பள்ளியில் தமிழ், வழக்கு மன்றத்தில் தமிழ் என்பனவே அவை. இன்று நான், கணிப்பொறியில் ஒரு கோப்புக் காணாமற் போனால் என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். இதற்கும் நம் இயக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர் ஏற்பாட்டாளரைக் கேட்டாராம். அவர் கேட்டது முறையே. அவருக்கு விடையாக நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகின்றேன்.

பாலாற்றுப் பாலத்துக்கு இப்புறம், வந்தவாசிச் சாலையினின்று பிரியும் ஒரு தெருவில், பட்டு நெய்யும் குடும்பம் ஒன்று இருக்கின்றது. தந்தை தறியில் அமர்கின்றார். மகள் கரைக்கும் முந்திக்கும் உரிய உருக்களைக் கணிப்பொறியில் வரைந்து, விரலியில் ஏற்றி, தறிமேல் இருக்கும் மின்னணுச் சக்கார்டுக்குக் கொடுக்கின்றாள். அண்மையில் புதுக் கணிப்பொறி ஒன்று வாங்கினார்கள். முதன்முறை திறக்கும்போது பொறி, "உன் பெயர் என்ன?" என்று கேட்டது. நம் கூட்டங்களுக்கு வந்து பழகிய பெண். தன் பெயரைத் தமிழிலேயே பொறித்தாள். பொறி ஏற்றுக்கொண்டது. திரையில் தமிழ்ப் பெயர் மின்னியது. வீட்டில் எல்லார்க்கும் மகிழ்ச்சி.

அடுத்த நாள் உரு வரையும் மென்பொருளை அதில் நிறுவினார்கள். திறந்தவுடன் மூடிக்கொண்டது. மூடுமுன் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி காட்டியது. அமைவுக்கோப்பைத் திறக்க இயலவில்லை என்பது அதன் பொருள். பொறி விற்ற கடையிலிருந்து ஓர் ஆள் வந்தார். வரியைப் படித்தாரில்லை. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து நிறுவினார். கூலி வாங்கிக்கொண்டு போனார். பெயர் மறுபடியும் தமிழிலேயே இடப்பட்டது. மென்பொருளும் மறுபடி மூடிக்கொண்டது. இரண்டாம் முறை வந்தபோது, வட்டுக் கெட்டுவிட்டது, மாற்றவேண்டும் என்றார். மாற்றினார்கள். அப்பொழுதும் அதே வரி. மூன்றாம் முறை அவர் சொன்னாராம்: "தமிழ்ல பேரு வச்சா இதெல்லாம் ஏத்துக்காதும்மா." இதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. முந்தி இல்லாமல் பாவு பாதியில் நின்றது. திருமணத்துக்கென ஒப்புக்கொண்ட சேலை அது.

நான் சென்று பார்த்தபோது, அந்தக் கோப்பு இருக்கவேண்டிய இடத்தில் அப்படியே இருந்தது. ஓர் எழுத்தும் சிதையவில்லை. ஆனால் அந்த மென்பொருளின் கண்ணுக்கு மட்டும் அது தெரியவில்லை. கடைக்காரர் மூன்றாம் முறை சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைக்குக் கரணியம் யாது என்பதைப் பின்னர்ச் சொல்வேன். அதற்குமுன் அமைவுக்கோப்பு என்றால் என்ன என்பது விளங்கவேண்டும்.

கடையில் இதனைக் 'கான்பிக் பைல்' என்பார்கள். ஒரு மென்பொருள் ஆக்கப்படும்போது, தான் எந்த வீட்டுப் பொறியில் போய் அமரப்போகின்றது என்பதை அது அறியாது. உருக்களை எந்த உறையில் வைப்பது, தறிக்கு எத்தனைக் கொக்கி, எந்த மொழியில் பேசுவது, எந்த அச்சுப்பொறிக்கு அனுப்புவது ஆகிய இவையெல்லாம் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகலான் அவற்றை மென்பொருளுக்குள் எழுதாமல் தனியே ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கின்றார்கள். மென்பொருள் எழுந்தவுடன் முதல் வேலையாக அக்கோப்பைப் படிக்கும். பெரும்பாலும் அது இருபது முப்பது வரிதான். படிக்கத்தக்க எழுத்துகளாலேயே ஆனது. அமைதல் என்பதற்குப் பொருந்துதல், அடங்குதல், ஏற்றதாதல் என்றெல்லாம் நம் மொழியில் பொருளுண்டு. ஓரிடத்துக்கு ஏற்பப் பொருந்தச் செய்வதால் அமைவு. இதைவிட நேரான சொல் வேண்டியதில்லை.

உங்களுக்கு இதனை விளக்க நான் அயலூர் போகவேண்டியதில்லை. சக்கார்டு வருமுன் நம்மவர் அடை கட்டி நெய்தனர். பிறகு சக்கார்டு வந்தது. பிரான்சு நாட்டு இலியோன் நகரில் 1804-ஆம் ஆண்டளவில் சக்கார்டு என்பவர் ஆக்கியது அது. துளையிட்ட அட்டைகளை நூலால் கோத்துச் சுற்றவிட்டால், துளையுள்ள இடத்துக் கொக்கி பாவிழையைத் தூக்கும். துளையில்லா இடத்துக் கொக்கி கிடக்கும். அந்த அட்டையைக் கண்டுதான் இங்கிலாந்தில் பாபேசு தம் கணக்குப் பொறிக்கு அட்டை வைக்க எண்ணினார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆலெரித்து அட்டையால் எண்ணி முடித்தார். கணிப்பொறி நெசவாளிக்கு அயலானதன்று. அதன் பாட்டன் நம் தறிமேல் உட்கார்ந்திருந்தவன்.

கோவையில் ஓரட்டை தவறிப்போனால் என்னாகும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித் தரலாம். தறி கெடவில்லை, கொக்கி கெடவில்லை, நாடா கெடவில்லை, நெய்பவர் கையும் கெடவில்லை. ஆயினும் அன்னத்தின் கழுத்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் முறியும். ஓரட்டையில் துளை கிழிந்து இரண்டு ஒன்றானால், தூக்கக்கூடாத இழை ஒவ்வொரு சுற்றிலும் தூக்கும். முன்னது காணாமற்போன கோப்பு. பின்னது சிதைந்த கோப்பு. (ஒப்புமை முற்றும் பொருந்தாது. அட்டை என்பது உருவுக்கே உரியது, அமைவுக்கோப்பு உருவன்று. ஆனால் கெடும் வகையும் கண்டுபிடிக்கும் வகையும் ஒன்றே.) அன்னத்தின் கழுத்து முறிந்ததற்காக எவரேனும் தறியைப் பிடுங்கி எறிவாரா? அட்டைகளை எண்ணிப் பார்ப்பார், வரைதாளோடு ஒப்பிடுவார், ஓரட்டை புதிதாய் அடித்துக் கோப்பார். அந்த வீட்டுக்கு வந்த கடையாள் செய்ததோ தறியைப் பிடுங்கிய வேலை. ஒருமுறையன்று, இருமுறை!

இனி, கோப்பு எப்படிக் கெடுகின்றது என்று பார்ப்போம்.

மின்தடை முதற்கரணியம். மென்பொருள் தன் அமைவுக்கோப்பைத் திருத்தி எழுதும்போது பழையதை வெறுமையாக்கிவிட்டுப் புதியதை எழுதும் வழக்கம் பலவற்றுக்கு உண்டு. வெறுமையாக்கிய நொடிக்கும் எழுதி முடிக்கும் நொடிக்கும் நடுவில் மின்னோட்டம் போனால், கோப்பின் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றுமிராது. அதன் அளவு சுழி என்று காட்டும். வட்டு நிரம்பிவிட்டாலும் இதுவே நேரும். இக்காலத்து நல்ல மென்பொருள்கள் வேறொரு பெயரில் முழுதும் எழுதி முடித்து, பின்னரே பெயரை மாற்றிக்கொள்கின்றன. ஆயினும் நம் பட்டறைகளில் ஓடுவன பெரும்பாலும் பழையவை. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் ஐயத்தின்பேரில் ஒரு கோப்பை எடுத்துச் சிறைவைத்துவிடுவதும் உண்டு. அப்பொழுது, நேற்றுவரை ஓடியது இன்று ஓடாது; எவரும் எதையும் தொட்டிருக்கமாட்டார்.

மற்றொரு கரணியம் நம் கையே. கோப்பைத் திறந்து ஒரு வரியை மாற்றும்போது ஓர் அடைப்புக்குறியோ ஒரு காற்புள்ளியோ விட்டுப்போகும். இதைவிடக் கள்ளத்தனமானது மேற்கோட்குறி. கைப்பேசியில் எவரோ அனுப்பிய வரியைப் படியெடுத்து ஒட்டுகின்றோம்; அதிலே மேற்கோட்குறி அழகாக வளைந்திருக்கும். பொறிக்கு வேண்டுவது வளையாத நேர்க்குறி. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று; பொறிக்கு இரண்டும் வேறு. வளைந்த குறியைத் தேடி நான் ஒருநாள் முழுதும் இழந்திருக்கின்றேன். வெட்கத்தை விட்டே சொல்கின்றேன்.

தமிழை எழுதிச் சேமிக்கும்போது நேரும் கேடு தனியே சொல்லத்தக்கது. விண்டோசில் நோட்பேடு என்னும் சிறு எழுதி உண்டு. 2019-இல் வந்த மாற்றத்துக்குமுன், நாம் வேறு சொல்லாவிடில் அது பழைய குறிமுறையிலேயே சேமிக்கும். அக்குறிமுறையில் தமிழெழுத்துக்கு இடமில்லை. சேமிக்குமுன், இக்கோப்பிலுள்ள எழுத்துகள் அழிந்துபோகும் என்று ஓர் எச்சரிக்கை வரும். எம்மொழியில் வரும்? ஆங்கிலத்தில்! தமிழெழுதியவர் அதைப் படிக்காமல் ஒப்புதல் பொத்தானை அழுத்துவார். மறுநாள் திறந்தால் ஒவ்வொரு தமிழெழுத்தும் கேள்விக்குறியாக நிற்கும். அதனை மீட்க வழியே இல்லை. ஏனெனில் அங்கே எழுத்து மறைந்திருக்கவில்லை, உண்மையாகவே கேள்விக்குறிதான் எழுதப்பட்டிருக்கின்றது. மாறாக, தொப்பியணிந்த உரோமன் எழுத்துகளாய்த் தமிழ் உருமாறித் தெரிந்தால் அஞ்சவேண்டா. எழுத்து உள்ளே நலமாக இருக்கின்றது. பொறி தவறான குறிமுறையில் படிக்கின்றது, அவ்வளவே. கேள்விக்குறியாயின் போயிற்று, தொப்பியாயின் மீளும். இதனை மட்டுமேனும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நோட்பேட்டில் ஒருங்குகுறி முறையைத் தேர்ந்து சேமித்தாலும் முன்பு ஒரு வில்லங்கம் இருந்தது. கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளை அது ஒட்டிவிடும். முதல் வரியைப் படிக்கும் சில மென்பொருள்கள் அங்கேயே இடறி விழும். கோப்பைத் திறந்து பார்த்தால் குற்றமே தெரியாது. முதல் வரியை வெறுவரியாகவோ குறிப்புரையாகவோ விட்டுவைத்தல் பழையோர் கைக்கொண்ட தந்திரம்.

சரி, கெட்டுவிட்டது, என்ன செய்வது?

முதற்கண், வழுச்செய்தியை முழுதும் படியுங்கள். படிக்க முடியாவிடில் கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள எண்ணையும் கோப்பின் பெயரையும் தாளில் எழுதுங்கள். பொத்தானை அழுத்தி மூடிவிட்டு, "என்னவோ வந்தது, போய்விட்டது" என்று சொன்னால் எவராலும் உதவமுடியாது. பிறகு, செய்தியில் சொல்லப்பட்ட கோப்பு இருக்கின்றதா, அளவு சுழியா, கடைசியாக எந்நாளில் எம்மணியில் எழுதப்பட்டது என்று பாருங்கள். மின்தடை வந்த மணியும் அந்த மணியும் ஒத்திருந்தால் பாதி வழக்கு முடிந்தது.

ஆனால் செய்தி சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடவும் கூடாது. விண்டோசு எக்சுபி என்னும் இயங்குதளம் நினைவிருக்கும். நம் ஊர்ப் பட்டறைகளிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் ஓடியது; 2014 ஏப்பிரல் 8-உடன் அதற்குரிய பேணுதலை அதன் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அது சில வேளை எழும்போதே நின்றுவிடும். எச்.ஏ.எல். என்று பெயர்கொண்ட கோப்புக் காணவில்லை அல்லது கெட்டுவிட்டது, அதன் படியொன்றை மீள நிறுவுக என்று திரையில் வரும். நூற்றுக்கணக்கானோர் அந்தக் கோப்பைத் தேடி எடுத்து வைத்தனர், பயனில்லை. கோப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. உண்மையில் கெட்டது பூட்-ஐ.என்.ஐ. என்னும் சிறிய அமைவுக்கோப்பு. இயங்குதளம் எந்த வட்டில், எந்தப் பகுதியில் இருக்கின்றது என்று வழிகாட்டும் நாலைந்து வரிதான் அதில் உண்டு. அவ்வழி தவறானதும், பொறி வேறு பகுதிக்குப் போய்த் தேடி, முதலில் வேண்டிய கோப்பைக் காணாமல், அதன்மேலேயே பழிபோட்டது. திருடன் தப்பினான், திண்ணையில் இருந்தவன் அகப்பட்டான் என்பதுபோல! மீட்பு வட்டால் தொடங்கி அந்த நாலு வரியைத் திருத்தி எழுதினால் பத்து மணித்துளியில் பொறி எழும். அறியாதார் கையில் எத்தனை வட்டுகள் அழிக்கப்பட்டன, எத்தனைக் குடும்பப் படங்களும் கணக்குகளும் போயின என்பதற்குக் கணக்கில்லை.

கெட்ட கோப்பை அழிக்காதீர்கள். பெயரை மட்டும் மாற்றுங்கள். பழையது என்று பின்னொட்டுக் கொடுங்கள். பிறகு மென்பொருளைத் திறந்தால் பெரும்பாலானவை, கோப்பு இல்லாமை கண்டு, தாமே புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டு எழும். எழுந்தால், குற்றம் அக்கோப்பில்தான் என்பது உறுதி. புதியதையும் பழையதையும் அருகருகே திறந்து, வேண்டிய வரிகளை ஒவ்வொன்றாகக் கொண்டு சேர்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். மூன்றை ஒருங்கே மாற்றிப் பொறி எழுந்துவிட்டால், எது மருந்து என்று தெரியாமற் போகும். விலையில்லா இலிபிரெ ஆபீசு மென்பொருளில் இதற்கென்றே, அமைவை ஒதுக்கிவைத்துவிட்டுத் திறக்கும் காப்புமுறை ஒன்று 2017 முதல் உண்டு. உதவிப் பட்டியலில் இருக்கின்றது.

இவை நடுத்தெரு வீட்டுக்கு மட்டும் உரியன என்று எண்ணவேண்டா. 2024 சூலை 19-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். கிரவுடுசிடிரைக்கு என்னும் அமெரிக்கக் காப்பு நிறுவனம், உலகெங்கும் உள்ள விண்டோசுப் பொறிகளுக்கு ஓர் அமைவுக்கோப்பைப் புதுப்பித்து அனுப்பியது. படிக்கும் மென்பொருளுக்கு 20 உள்ளீடுகள் வந்தன. கோப்பு 21-ஆவதையும் கேட்டது. இல்லாத இடத்தில் போய்ப் படித்த பொறி நீலத்திரை காட்டி விழுந்தது. ஒரு பொறியன்று, மைக்குரோசாப்டின் கணக்குப்படி ஏறத்தாழ 85 இலக்கம் பொறிகள்! அனுப்பிய 78 மணித்துளிகளில் அந்நிறுவனம் தவற்றைத் திரும்பப் பெற்றது. ஆனால் விழுந்த பொறி தானே எழமுடியாது. ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர் போய் அமர்ந்து, காப்புமுறையில் திறந்து, அந்தக் கோப்பை மட்டும் கையால் அழிக்கவேண்டியிருந்தது. வானூர்தி நிலையங்களில் இந்தியப் பயணிகளுக்குக் கையால் எழுதிய ஏறுசீட்டுக் கொடுத்தார்கள். 21-ஆவது அட்டை இல்லாமல் உலகத்தின் தறி நின்றது என்று சொன்னால் நெசவாளர்களாகிய நீங்கள் சிரிப்பீர்கள். நடந்தது அதுதான்.

இனி அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் திரும்புவோம். முன்வரிசைப் பெரியவரும் இதற்காகத்தான் காத்திருக்கின்றார்.

கணிப்பொறி எழுத்தை எண்ணாகவே அறியும். பழைய நாளில் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் எண்பட்டியலை விண்டோசு வைத்திருந்தது. கிரேக்கத்துக்கு 1253, எபிரேயத்துக்கு 1255, அரபுக்கு 1256, வியத்துநாமிய மொழிக்கு 1258, தாய்லாந்து மொழிக்கு 874 என்று பட்டியல்கள் உண்டு. தமிழுக்கு அப்படி ஒரு பட்டியலை அது அமைக்கவேயில்லை. தமிழுக்கு மட்டுமன்று, இந்தி உள்ளிட்ட எவ்விந்திய மொழிக்கும் அமைக்கவில்லை. 1991-இல் வந்த ஒருங்குகுறியில் தமிழுக்கு இடம் கிடைத்தது. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோசு அதன்வழித் தமிழைக் காட்டத் தொடங்கியது. ஆகவே பொறிக்கு இன்று தமிழ் தெரியும். ஆனால் பழைய முறையில் எழுதப்பட்ட மென்பொருள் ஒன்று, "என் அமைவுக்கோப்பு எங்கே?" என்று கேட்கும்போது, பழைய பட்டியலின்வழியே விடை கேட்கின்றது. பயனர் பெயரில் அமைந்த உறைக்குள்தான் கோப்பு இருக்கின்றது. பொறி அந்தத் தமிழ்ப் பெயரைப் பழைய பட்டியலில் தேடுகின்றது, இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் மாற்றாக ஒரு கேள்விக்குறியை எழுதிக் கொடுக்கின்றது. கேள்விக்குறிகளால் ஆன உறை உலகில் எங்கும் இராது. விண்டோசில் உறைப்பெயருக்குக் கேள்விக்குறி இடவும் இயலாது. மென்பொருள், கோப்பு இல்லை என்று சொல்லி மூடிக்கொள்கின்றது.

பார்த்தீர்களா? தாய்லாந்துக்காரர் தம் பொறியைத் தம் மொழிப் பட்டியலுக்கு அமைத்துக்கொண்டு, அதே மென்பொருளில் தம் மொழியில் பெயர் வைத்தால் கோப்புக் கிடைக்கும். அரபியர் வைத்தால் கிடைக்கும். காஞ்சிபுரத்துப் பெண் வைத்தால் கிடைக்காது. கடையாள் சொன்ன பாதி உண்மை இது. அவர் சொல்லாத, அறியாத மற்றப் பாதி, தமிழ் பொறிக்கு ஒவ்வாத மொழியன்று என்பது. ஒருங்குகுறி வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னும் பழைய வழியிலேயே கோப்பைத் தேடும் அந்த மென்பொருளாரின் சோம்பலே குற்றம். திருத்தவும் எளிது: 2019 முதல், ஒரு மென்பொருள் தன் அறிவிப்புக் கோப்பில் ஒருங்குகுறியையே தன் பட்டியலாகக் கொள்க என்று ஒரு வரி எழுதினால் விண்டோசு அதற்கு இசைகின்றது. பழைய மென்பொருள் பலவற்றுக்கு அதுவே போதும்.

காணாமற்போன இடத்தை நிரப்புவது எது என்பதும் கருதத்தக்கது. அமைவுக்கோப்பு இல்லாதபோது மென்பொருள் தன்னுள்ளே முன்னரே எழுதிவைத்திருக்கும் அமைவைக் கைக்கொள்ளும். இதனை முன்னிருப்பு என்கின்றோம். இலினக்சு இயங்குதளத்தில் உன் மொழி தமிழ் என்று ஒரு வரி எழுதிவைக்கலாம். தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் தனித்தனி அமைவே உண்டு. ஆனால் அத்தமிழமைவுக் கோப்பு அந்தப் பொறியில் ஆக்கப்படாதிருந்தால், அது ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட்டுச் 'சி' என்னும் முன்னிருப்புக்குப் போய்விடும். அந்த முன்னிருப்பின் மொழி ஆங்கிலம். மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒரு செய்திக்குத் தமிழ் இல்லையேல், அவ்விடத்தில் ஆங்கிலமே நிற்கும். எவரும் திணிக்கவில்லை, எவரும் ஆணையிடவில்லை. நாம் எழுதாத இடத்தில் மற்றவர் எழுதியது இருக்கின்றது. இந்தித் திணிப்பை எதிர்க்க நமக்குப் போராட்டம் தெரியும். இதற்கு எவரை எதிர்த்துப் போராடுவது? உட்கார்ந்து எழுதவேண்டும், வேறு வழியில்லை.

இங்கு நம்மையும் சிறிது கடிந்துகொள்ள வேண்டியிருக்கின்றது. 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடியது. ஆளுக்கொரு குறிமுறை, ஆளுக்கொரு விசைப்பலகை என்று சிதறிக்கிடந்த நிலையை ஒழுங்குசெய்ய முயன்று, தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குகுறியைத் தன் குறிமுறையாக ஏற்றது. எழுத்துச் சிக்கல் பெரிதும் தீர்ந்தது. சொற்சிக்கல் தீரவில்லை. நான் ஈண்டு அமைவு என்றேன். ஒரு மென்பொருளில் இதே பொருளுக்கு உள்ளமைவு என்றிருக்கும், மற்றொன்றில் அமைவடிவம், வேறொன்றில் கட்டமைப்பு. மொழிபெயர்த்தோர் எல்லாரும் கூலி வாங்காத தொண்டர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வழுச்செய்தியில் ஒரு சொல்லும், பட்டியலில் வேறு சொல்லும், உதவிக் குறிப்பில் மூன்றாவது சொல்லும் இருந்தால், நெசவாளி எதைப் பிடித்துக்கொண்டு தேடுவார்? கணினியா கணிப்பொறியா என்று நம் இதழ்களில் எத்தனை ஆண்டு வழக்காடினோம்! அவ்வழக்காடலில் நானும் பக்கம் பக்கமாக எழுதியவன்தான். அந்நாளில் ஆளுக்கு நூறு வழுச்செய்தியைத் தமிழாக்கியிருந்தால், அந்த வீட்டுத் திரையில் வந்த ஒரு வரி தமிழில் வந்திருக்கக்கூடும்.

இன்னொன்று. தமிழாக்குவோர், "பிழை ஏற்பட்டது, மீண்டும் முயல்க" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடுகின்றனர். எந்தக் கோப்பு, எந்த உறையில், எத்தனையாவது வரியில் என்பவற்றைச் செய்தியினின்று நீக்கிவிட்டால் அத்தமிழால் எவர்க்கும் பயனில்லை. எண்ணை விடாதீர்கள். கோப்பின் பெயரைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதிவிடவும் கூடாது, தேடுவார் திண்டாடுவார். தூய்மை வேண்டும் இடமும் உண்டு. உள்ளது உள்ளபடி வேண்டும் இடமும் உண்டு. இதனை இம்மேடையில் சொல்வதற்காகச் சிலர் என்னைச் சினக்கலாம்.

அந்தப் பெண்ணின் பொறியை நான் எப்படி ஓடவிட்டேன் என்று கேட்பீர்கள். பெருமைப்படத்தக்க வழியிலன்று. உரோமன் எழுத்தில் புதுப் பயனர் கணக்கு ஒன்று தொடங்கினேன். உறை அப்பெயரில் அமைந்தது. பிறகு திரையில் தோன்றும் பெயரை மட்டும் தமிழாக மாற்றினேன். விண்டோசு பெயரை மாற்றும், உறையை மாற்றாது. அமைவுக்கோப்பையும் உருக்களையும் அங்குக் கொண்டு சேர்த்தேன். மென்பொருள் திறந்தது. அரைமணி நேர வேலை. அன்று மாலையே முந்தி ஏறியது.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்படின்னா, உள்ளே என் பேரு வேறதானா அண்ணா?"

ஆம் என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் அவளே மென்பொருளாருக்கு ஒரு மடல் எழுதினாள். தமிழ்ப் பயனர் பெயரில் கணக்குத் தொடங்குக, உங்கள் மென்பொருளை நிறுவுக, திறக்குக, இவ்வரி வரும், கரணியம் இது, திருத்தம் இது என்று படிப்படியாக, படங்களோடு. சினமில்லாமல் எழுதியிருந்தாள், நானாயிருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டேன். விடை இன்னும் வரவில்லை. ஒரு மடலுக்கு வராது. இருநூறு பட்டறைகளிலிருந்து அதே மடல் போனால் வரும். அதன் படிகள் வாயிலருகே மேசைமேல் வைக்கப்பட்டிருக்கின்றன. அம்மென்பொருளைப் பயன்படுத்துவோர் தம் பொறியில் ஒருமுறை செய்துபார்த்து, வந்த வரியை அப்படியே சேர்த்து, தம் பெயரில் அனுப்புங்கள். செய்துபார்க்காமல் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். அதை அவர்கள் குப்பையில் போடுவார்கள்.

நாளை காலை இதே கூடத்தில் செய்முறை வகுப்பு நடக்கும். ஒவ்வொருவரும் ஒரு விரலி கொண்டுவாருங்கள். உங்கள் உரு மென்பொருளின் அமைவுக்கோப்பு எந்த உறையில் இருக்கின்றது என்று தேடி, அதன் காப்புப்படியை நாளுடன் பெயரிட்டு விரலியில் வைப்பதே முதற்பாடம். பிறகு நானே சில பொறிகளில் கோப்பைக் கெடுத்துவைப்பேன், நீங்கள் கண்டுபிடிக்கவேண்டும். பழைய அட்டைக் கோவை வீட்டில் கிடந்தால், ஓரட்டை குறைந்ததாயினும், அதனையும் எடுத்து வாருங்கள், சிறுவர்களுக்குக் காட்டவேண்டும்.